முட்டை ஓட்டைப் பற்றி வந்த ஒரு கருத்து

1. ஒன்றேகால் முட்டை

நாமக்கல்லில் கோழித் தீவனம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் வலைப்பூவில், வாசகர் கருத்துகளுக்குப் பதில் எழுதும் வேலையை ஆறு ஆண்டுகள் பார்த்தேன். அந்த வலைப்பூவில்தான் ஒரு கோழி ஒரே நாளில் ஒன்றேகால் முட்டை இட்டது.

இட வைத்தவர் சேலத்திலிருந்து வந்த டிஜிட்டல் ஆலோசகர். குறை சொல்லும் கருத்தை அழிப்பது, புகழ்ச்சியைத் தாமே எழுதிக்கொள்வது, மற்ற எல்லாவற்றுக்கும் ஒரே வாக்கியத்தை ஒட்டுவது என்பதற்குள் அவருடைய கலை முழுவதும் அடங்கிவிடும். ஒரு நாள் ‘மகிழ்ச்சியான பண்ணையாளர்’ என்ற பெயரில் அவர் எழுதினார்: “உங்கள் தீவனத்துக்கு மாறிய பின் என் ஆயிரம் கோழிகளும் தினமும் ஆயிரத்து இருநூற்று ஐம்பது முட்டை இடுகின்றன.”

ஒரு கோழி நாளுக்கு ஒரு முட்டைக்கு மேல் இடாது என்பதை நாமக்கல்லில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கீழே ஒருவர் கேட்டிருந்தார்: “ஏனுங்க, மிச்சம் எரநூத்தம்பதெ சேவலுங்களா போட்டுச்சு?”

ஆலோசகர் அதற்கும் தம் வாக்கியத்தை ஒட்டினார்: “தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தங்கள் திருப்தியே எங்கள் வெற்றி.”

2. அப்ரூவ் ஆகாத கேள்வி

அதே வாரம் புதன்கிழமை சரஸ்வதி என்பவரின் கருத்து வந்தது. மோகனூர்ப் பக்கம் ஐயாயிரம் கோழிகள் வைத்திருந்தார். பத்து நாளாக முட்டை ஓடு மெலிந்து, கையில் எடுத்தாலே விரிசல் விடுகிறதாம். நோய்தான் என்று வீட்டுக்காரர் முடிவுகட்டி, வெள்ளிக்கிழமை வரும்படி கழிவுக் கோழி லாரிக்குச் சொல்லிவிட்டாராம். முட்டை ஓய்ந்த கோழிகளைக் கறிக்கு ஏற்றிப்போகும் லாரி அது. சரஸ்வதியின் கோழிகளோ முட்டையின் உச்சப் பருவத்தில் இருந்தவை. “தீவனத்துல ஏதாச்சும் மாத்தியிருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டிருந்தார்.

ஆலோசகர் திரையை எட்டிப் பார்த்தார். “நெகட்டிவ் மேடம். அப்ரூவ் பண்ணாதீங்க.”

“திட்டலீங்களே, கேள்விதானே கேட்டிருக்காங்க?”

“அதுதான் டேஞ்சரு. திட்டுனா பொறாமைன்னு முடிச்சரலாம். கேள்வின்னா பதில் சொல்லோணுமே!”

அந்த அலுவலகத்தில் அவர் சொல்லிக் கேட்ட ஒரே உண்மை அது.

கருத்துடன் கைபேசி எண்ணும் இருந்தது. அழைத்தேன்.

“கோழி தீவனம் எடுக்குதுங்களா?”

“நல்லா எடுக்குதுங்க அம்மிணி. சோந்து நிக்கறதில்ல, எச்சமும் நல்லாருக்குது. ஓடுதான் தாளாட்டம் இருக்குது.”

“மூட்டைக்குள்ள கையெ உட்டுப் பாருங்க. கிளிஞ்சல் கையில தட்டுப்படுதா?”

சாக்கு சரசரக்கும் ஓசை கேட்டது. “இல்லீங்க. அத்தனையும் மாவு. போன மாசமெல்லாம் கையெக் குத்துமே!”

முட்டை ஓடு இரவில் உருவாகிறது. பொழுது சாய்கையில் கோழி தின்ற கிளிஞ்சல் துண்டுகள் வயிற்றில் தங்கி, மெல்லக் கரைந்து சுண்ணாம்பைத் தரும். மாவாக அரைத்துவிட்டால் கிளிஞ்சல் இரவுவரை வயிற்றில் தங்காது.

மில்லுக்குப் போனேன். மில் சூப்பர்வைசர் பழனிசாமி தயங்கித் தயங்கிச் சொன்னார்: “போட்டோவுல தீவனம் கல்லும் கட்டியுமாத் தெரியுது, வலைப்பூவுக்கு எடுப்பா இல்லைன்னு அந்த சார்தானுங்க மொதலாளிகிட்டச் சொன்னாரு. அப்புறந்தான் கிளிஞ்சலையும் மக்காச்சோளத்தோடயே போட்டு அரைக்கறோம்.”

தீவனம் படத்தில் மிக அழகாகத்தான் இருந்தது. கோழிகள் வலைப்பூ படிப்பதில்லை.

3. பதில்

முதலில் சரஸ்வதியைப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னேன். பிறகு அவருடைய கருத்தை வெளியிட்டு, அதன் கீழே எழுதினேன்: “தவறு எங்களுடையது. இம்மாத மூட்டைகளில் கிளிஞ்சல் மாவாக அரைபட்டுவிட்டது. இது நோயன்று, கோழிகளை விற்றுவிடாதீர்கள். மாலை மூன்று மணிக்கு மேல் உடைத்த கிளிஞ்சலைத் தீவனத்தின்மேல் தனியாகத் தூவுங்கள்.”

சிறிது நேரத்தில் முதலாளி கூப்பிட்டார். என்னைவிட இளையவர்; கோபத்திலும் மரியாதை குறையாதவர். “ஏனுங்க்கா, நம்ம தப்புன்னு நாமளே எழுதறதா? ஊரே படிக்குமே!”

“படிக்கட்டும்னுதான் எழுதினேன். இந்த மூட்டை எத்தனை பண்ணைக்குப் போயிருக்குதுங்க?”

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். இரண்டாம் கை பாதியில் நின்றது. பதிலை அழிக்கச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் சரஸ்வதி அழைத்தார். “லாரி வாசல்ல வந்து நின்னுருச்சுங்க அம்மிணி. நீங்க போன்ல சொன்னதெ எங்கூட்டுக்காரரு நம்பவே இல்ல. எழுத்தெப் படிச்சுக் காட்டுனதுக்கப்புறம், ‘கம்பெனிக்காரனே எல்லாருக்கும் முன்னால தப்புங்கறானா? அப்ப நெசந்தான்’னு லாரியத் திருப்பி அனுப்பிட்டாரு.” சொல்லிவிட்டு அழுதார். அழுது முடிக்கும்வரை போனைக் காதில் வைத்திருந்தேன். அதுவும் என் வேலையில் சேர்த்திதான்.

இரண்டு வாரத்தில் ஓடு கெட்டிப்பட்டது. அந்தப் பதிலைப் படித்துப் புதிதாக நான்கு பண்ணைகள் எங்களிடம் வந்தன. அது தெரிந்ததும் ஆலோசகர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என்னெதிரே உட்கார்ந்தார்.

“சூப்பர் ஸ்ட்ராட்டஜி மேடம். அடுத்த மாசத்துக்கும் சின்னதா ஒரு தப்பு பிளான் பண்ணிக்கலாங்களா?”

வாசகர் கருத்தை ஆதாயமாக்குவது எப்படி என்று இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவருக்குக் காலம் கடப்பதற்குள் உண்மையான பதில் கிடைக்க வேண்டும். நான் கற்றது அவ்வளவுதான். ஐயாயிரம் கோழிகள் கூண்டைவிட்டு இறங்கவில்லை. அதற்கும் மேலான ஆதாயம் வேண்டுவோர் சேலத்து ஆலோசகரை அணுகலாம்.