நீலம், மஞ்சள், மூணாவது ஊசி

தடுப்பூசி மையத்தில் சீட்டு எழுதுகிறவளுக்கு வரிசையில் நிற்பவர்கள் வைத்த பெயர் கறாரக்கா. அது காதில் விழுந்தால் அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். ஒரு கம்பெனி ஊசிக்கு நீலச் சீட்டு, இன்னொன்றுக்கு மஞ்சள். முதல் ஊசி நீலமென்றால் கடைசிவரை நீலம்தான். காலில் விழுந்தாலும் மாற்றித் தரமாட்டாள். மேலிடத்திலிருந்து வாரத்துக்கு மூன்று சுற்றறிக்கை வரும். தலைப்பை மட்டும் பார்ப்பாள். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, வீணாக்குவானேன் என்று அதில் அறிவிப்பு எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவாள். பெரிய சிக்கனக்காரி!

அவள் உயிரையே வைத்திருந்தது தம்பிமேல். இரண்டு வருஷத்துக்கு முன் அவனுடைய சிறுநீரகங்கள் கைவிட்டபோது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவள் அவள்தான். புதிதாக வைத்ததை உடம்பு தள்ளிவிடாமலிருக்க அவன் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். அந்த மாத்திரை நோய் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அமுக்கிவிடும்.

இரண்டு நீல ஊசியும் போட்டு இரண்டு மாதம் ஆனதும் தம்பி மேசைமுன் வந்து நின்றான்.

"அக்கா, எனக்கு மூணாவது போடணுமாம்."

"பூஸ்டருக்கு இன்னும் நாள் கிடக்கு. அக்கா இருக்கான்னு குறுக்க பூந்து வந்துட்டியா?" வரிசைக்கே கேட்கும்படிதான் சொன்னாள்.

"இது பூஸ்டர் இல்லக்கா. நல்லா பிடிச்ச ஊசி நாளாக நாளாக பலம் குறையுமில்ல, அதைத் தூக்கி நிறுத்தறது பூஸ்டர். எனக்கு ரெண்டு போட்டும் முதல்லயே சரியா பிடிக்கல. அதான் கூடுதலா ஒண்ணு. டாக்டர் சொன்னார்."

"வாயால சொன்னா ஆச்சா? எழுதி வாங்கிட்டு வா. அடுத்த ஆள்!"

அடுத்த வாரம் எழுதி வாங்கிக்கொண்டே வந்தான். பாவி மகனின் நேரம், அன்றைக்கு நீலம் தீர்ந்துபோயிருந்தது. மஞ்சள் பெட்டி நிறைய இருந்தது.

"மஞ்சளே போட்டுடேன்க்கா. எது இருக்கோ அதைப் போட்டுக்கன்னுதான் டாக்டர் சொன்னார்."

அவள் பேனாவால் சுவரைக் காட்டினாள். 'நீலமும் மஞ்சளும் கலக்கக் கூடாது. கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்.' நேற்றுதான் ஒட்டியிருந்தாள்.

"படிக்கத் தெரியுமில்ல? ஊருக்கு ஒரு சட்டம், என் தம்பிக்கு ஒரு சட்டமா?"

வரிசையில் யாரோ சபாஷ் என்றார்கள். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. நீலம் வந்தாலும் வருமென்று, அந்தத் தாளுக்குக் கீழே கிடந்த பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான் தம்பி. பிறகு எழுந்து, "உன்னைக் கட்டிக்கிட்டு மாமா எப்படித்தான் காலம் தள்றாரோ!" என்று சிரித்துவிட்டுப் போனான்.

பன்னிரண்டாம் நாள் நீலம் வந்தது. முதல் வேலையாகத் தம்பிக்குப் போன் போட்டாள். எடுத்தது அவன் மனைவி. காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்றாள். ஒன்பது நாள் தாங்கினான். அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பினாள். வரிசையில் முதல் ஆளாகத் தம்பி மனைவி, தன்னுடைய பூஸ்டருக்காக. உள்ளேயிருந்து வந்த நர்ஸ் சுவரைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னுமா இதைக் கிழிக்கல? கலந்து போடலாம்னு எப்பவோ சுற்றறிக்கை வந்தாச்சேக்கா!"

கறாரக்கா எழுந்துபோய்க் கிழித்தாள். கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தாள். அந்தச் சுற்றறிக்கையே அதுதான். உறுப்பு மாற்றியவர்களுக்குக் கூடுதல் ஊசியைத் தாமதிக்க வேண்டாம், எந்தக் கம்பெனி இருக்கிறதோ அதைப் போடவும் என்று அச்சடித்திருந்தது. தேதி, தம்பி இரண்டாவது முறை வந்ததற்கு நாலு நாள் முந்தியது.

தம்பி மனைவி அதை வாங்கி, ஒரு வரி விடாமல் படித்தாள். மடித்து மேசையில் வைத்தாள்.

"குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கிட்டீங்க அண்ணி," என்றாள். குரல் ஏறவே இல்லை. "எனக்கு எந்தக் கலர்னாலும் சரி. எழுதுங்க."

பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஆகட்டுமென்று முணுமுணுத்தார்கள். கறாரக்கா மஞ்சள் சீட்டை எடுத்து, பெயர், வயது, தேதி எல்லாம் தப்பில்லாமல் எழுதிக் கொடுத்தாள்.