கன்னிமார் கொண்டுபோன சித்தி

என் முதல் சிறுகதை ஒரு சிற்றிதழில் வந்தது. நான் வேலை பார்க்கும் கழக்கூட்டத்தில், அலுவலக வரவேற்பறையில் நின்றபடியே தபால் உறையைக் கிழித்தேன். அப்போது வந்த சந்தோஷம் மதியச் சாப்பாடு வரைகூட நிற்கவில்லை. கதையில் இருந்தது என் சித்தி. எழுதும் முன் அவளிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் எல்லோரும் அறிந்த கதைதான். பதினெட்டு வயதில் ஓடைக்குத் துணி துவைக்கப் போன சித்தி மூன்று நாள் வீடு திரும்பவில்லை. நான்காம் நாள் சொட்டச் சொட்ட நனைந்து வாசலில் நின்றாள். எங்கே போனாய் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஓடையில் குளிக்க இறங்கும் ஏழு கன்னிமார் அவளைக் கொண்டுபோய்விட்டார்கள், வந்திருப்பது அவள் உருவத்தில் வேறொன்று என்று லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார் பயந்து விலகினார்கள். சித்தி பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இப்போது கல்லாற்றில் டீக்கடை வைத்திருக்கிறாள்.

என் கதையில் அந்தப் பெண் கன்னிமார் நடுவே நின்று, வீட்டுக்கு விடச்சொல்லி அழுகிறாள். அவளுக்குப் பதிலாக வேறொருத்தி வீடு திரும்புகிறாள். அப்படியென்றால் டீ ஆற்றிக்கொண்டிருப்பவள் யார்? அச்சில் படித்தபோதுதான் அது உறைத்தது. அந்த வாரம் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"அவகிட்ட காட்டிராத" என்றாள் அம்மா.

சனிக்கிழமை இதழை எடுத்துக்கொண்டு கல்லாற்றுக்குப் பஸ் ஏறினேன்.

"வாசி, கேக்குதேன்" என்றாள் சித்தி, கண்ணாடி கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே. பொன்முடிக்குப் போகிறவர்கள் டீ கேட்டு வரும்போதெல்லாம் கையைக் காட்டி நிறுத்தினாள். கடைசிப் பக்கம் வரை வாசித்தேன்.

"கன்னிமாரும் இல்ல, ஒண்ணும் இல்ல மோளே. அந்த மாப்பிள்ளைய எனக்குப் பிடிக்கல. விதுரயில கூடப் படிச்சவ வீட்டுல போய் இருந்தேன். திரும்பி வரும்போ நல்ல மழ. நனஞ்சு நின்னதப் பாத்து அவங்களே கன்னிமார்னு சொன்னாங்க. நான் வாயத் திறக்கல. திறந்தா அடுத்த வாரமே கல்யாணம், அல்லே?"

"அம்மாகிட்டகூடச் சொல்லலியா சித்தி?"

"உங்கம்மா ஒரு வருஷம் என் கையால சோறு வாங்கித் திங்கல. அவகிட்ட என்னத்தச் சொல்ல?" ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "நான் அழுது கரஞ்சேன்னு எழுதியிருக்கே. அந்த மூணு நாளு நானும் அவளும் சிரிச்ச சிரிப்பு உனக்கு அறியுமா?"

"அம்மாகிட்ட நான் சொல்லட்டா?"

"சொல்லு. ஊருக்கே சொல்லியாச்சு, இனி என்ன."

ஆற்றங்கரையில் நின்று அம்மாவை அழைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் அவளத் தொடக்கூட பயந்தேனேட்டி" என்றாள். மறுநாள் காலை அவளே கல்லாற்றுக்குப் போனாள். என்ன பேசினார்கள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை.

இதழாசிரியர் அடுத்த கதை கேட்டிருக்கிறார். மூன்று முறை பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன்.