மீதி நாற்பத்திரண்டு எழுத்துகள்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். என் மனைவி நம்பவில்லை. நான் பாத்திரம் கழுவினேன் என்றாலும் அவள் நம்ப மாட்டாள். ஆனால் நடந்தது. 1997, டிசம்பர் 11. இல்லினாய், அர்பானா. எங்கள் பல்கலைக்கழகக் கணினி அறை.

ஆர்லன் என் பக்கத்து மேசைக்காரன். டுலூத்தில் இருக்கும் மகள் காரினுக்குத் தினமும் சர்வரில் நாலு வரி எழுதுவான். அதை இணையப் பக்கமாக அவளுக்கு அனுப்ப, சிஜிஐ ஸ்கிரிப்ட் என்று ஒரு சின்ன நிரல். இத்தனை எழுத்து வரப்போகிறது என்று அது முன்கூட்டியே சொல்லிவிட்டால், அத்தனையும் வரும்வரை பிரவுசர் காத்திருக்கும். சொல்லாவிட்டால் சர்வரே இணைப்பை மூடி, முடிந்தது என்று காட்டிவிடும். ஆர்லன் முன்கூட்டியே சொல்கிற கட்சி. எண்ணை முதலில் கையால் போட்டுவிட்டு, அந்த அளவுக்கு எழுதுவான்.

"எண்ணுறதை மெஷின்கிட்ட விட்டுத் தொலையேன்டா."

"என் மகளுக்கு வாக்குக் கொடுக்கிறது நானா, மெஷினாடா?"

நவம்பரில் ஒருநாள் 138 என்று போட்டான். 96 எழுத்து அடித்துச் சேமித்தான். காபி எடுக்கப் போனவன் நடைவழியில் விழுந்தான். எழவில்லை.

அன்றிலிருந்து காரின் தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். 'பனி வந்தாச்சு. டயரை மாத்து. வெறும் சூப்பைக் குடிச்சிட்டுப் படுக்காதே...' அதோடு நிற்கும். பிரவுசர் காத்திருக்கும். ஐந்து நிமிடத்தில் சர்வர் இணைப்பை அறுத்துவிடும். மறுபடி திறப்பாள்.

டிசம்பர் 11 அன்று மாலை நாலு மணிக்கு அந்தப் பழைய சர்வரை நிறுத்த உத்தரவு. 3.40க்குப் போன் செய்தேன்.

"காரின், எண்ணை 96னு மாத்திடவா? பக்கமாவது ஒழுங்கா முடியும்."

"வேணாம், வெர்ன். அது காத்திருக்கிற வரைக்கும் அப்பா பேசி முடிக்கலை."

"நாலுக்கு நிறுத்தணும்மா..."

"அதுவரைக்கும் விடுங்க. இதோ, திறக்கிறேன்."

நானும் திறந்தேன். 3.44.

3.49க்கு அறுந்திருக்க வேண்டும். அறுபடவில்லை.

3.55. ஆர்லனின் மேசைப் பக்கம்... டக். டக். இரண்டு விரலால் தட்டுவான் அவன்.

அங்கே கீபோர்டே இல்லை. நான்தான் எடுத்து வைத்தேன்.

டக்...

என் திரையில் ஓர் எழுத்து.

டக்... டக்...

3.58. சத்தம் நின்றது. முடிந்தது என்றது பிரவுசர்.

'அந்த மஞ்சள் கோட்டு உனக்கு நல்லா இருக்கு, குட்டி.'

போனில் காரின் அழுதாள். நாலு மணிக்கு நிறுத்தினேன்.

சர்வரின் பதிவில், இருவருக்கும் 138 எழுத்து போயிருந்தது. ஆர்லனின் கோப்பில் இன்றுவரை 96தான்.

கோட்டைப் பற்றி ஒரு வாரம் கழித்துத்தான் கேட்டேன். அடக்கத்துக்குக் கறுப்பில்தானே வந்தாள்?

"அந்த வரி வந்த அன்னிக்குக் காலையிலதான் வாங்கினேன், வெர்ன். வீட்டுல தனியா போட்டுப் பார்த்துட்டு, அப்படியே உட்கார்ந்திருந்தேன். விலைச்சீட்டைக்கூடக் கிழிக்கலை."