ஒலிபெருக்கி ஊமையான மதியம்

பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில், அறிவிப்பு அறையின் லினக்ஸ் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மைக்கில் பேசினால் அதன் வழியாகத்தான் ஒலிபெருக்கிக்குப் போகும். அன்று மதியம் சூறைக்காற்று எச்சரிக்கை வந்தது. மைக்கைப் பிடித்துப் பேசினேன். வெளியே சத்தமே வரவில்லை. ஏரியில் இறால் பிடிக்கப் போயிருந்த என் கணவர் போனையும் எடுக்கவில்லை. வானம் கறுத்துக்கொண்டே வந்தது.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா ஓடிவந்தாள். "இன்னா ஆச்சுக்கா? எங்க நைனாவும் ஏரிலதான் கீறாரு."

journalctl என்று தட்டி, கணினியின் பதிவுகளைத் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். கணினியே போய்விட்டது என்று நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன், அத்தனையும் ஒரே வரி. ஒலிபெருக்கியைக் கணினியோடு இணைக்கும் ஒலிக்கருவியைக் காணவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது. முதல் சிவப்பு வரிக்கும் மேலே போய்ப் பார்த்தேன். யுஎஸ்பி இணைப்பு துண்டிக்கப்பட்டதாகச் சாதாரண எழுத்தில் ஒரு வரி இருந்தது.

மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தால், அந்த யுஎஸ்பி ஒயர் கழன்று தொங்கியது. செருகினேன்.

"காத்து வருது, எல்லாரும் கரைக்கு வந்துடுங்க." என் குரல் ஏரியின் மேல் போவது கேட்டது.

படகுகள் திரும்பின. கடைசியாக நனைந்துபோய் வந்த என் கணவர், "இன்னாமே, மைக்ல அழுவுற மாதிரி பேசின?" என்றார்.

இன்றும் சிவப்பு எழுத்தைப் பார்த்தால் கணினியே போய்விட்டது என்றுதான் முதலில் தோன்றுகிறது. பயந்துகொண்டே முதல் சிவப்பு வரிக்கும் மேலே போய்ப் படிக்கிறேன்.