ஞாபகம் போய்விட்டது என்று அச்சடித்தார்கள்

ஐனஸ் ராம்ஸ்டட் ஒரு பழைய கேக் தட்டின் விளிம்பில் துணிக் கிளிப்புகளை மாட்டிக்கொண்டிருந்தார், வலது கையால் மட்டும். மொத்தம் நாற்பது கிளிப். எல்லாவற்றையும் மாட்டிக் கழற்றி மறுபடி மாட்ட வேண்டும். பக்கவாதம் வந்த விரல்களுக்கு நான் கொடுத்த வேலை அது. நார்டால் ஊர் முதியோர் இல்லத்தில் முப்பத்தொரு வருடம் தாதியாக இருந்தவள் நான். ரப்பர் பந்தைப் பிசைவதைவிடக் கிளிப் நல்லது என்று அனுபவத்தில் தெரியும். இருபத்தாறாவது கிளிப்பில் டுவேன் ஓப்சால் கதவைத் தட்டினார்.

டுவேன் டிராக்டர் விற்பவர். மூன்று ஊர்களில் கடை. நார்டால் கல்லூரி நிர்வாகக் குழுவின் தலைவரும் அவர்தான். அதே கல்லூரிக்கு ஐனஸ் பதினெட்டு வருடம் முதல்வராக இருந்தார். இரண்டரை வருடமாக இந்த வீட்டுப் பக்கமே எட்டிப் பார்க்காத மனிதர், அன்று ஒரு தட்டு எலுமிச்சை கேக்குடன் வந்தார். பின்னால் ஒரு வக்கீல்.

அவர்கள் எதற்கு வந்தார்கள் என்பதற்கு முன், ஐனஸ் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

பன்றிப் பண்ணைக்காரரின் மூன்றாவது மகள். நார்டால் கல்லூரியிலேயே படித்து, வெளியூரில் ஆராய்ச்சி செய்து, திரும்பி வந்து தாவரவியல் பாடம் எடுத்தார். ஐம்பதாவது வயதில் முதல்வரானார். அப்போது கல்லூரியில் எழுநூறு மாணவர்கள், ஒழுகும் கூரை, நாலு மாதச் சம்பளத்துக்கு மட்டும் கையிருப்பு. எங்கள் ஊரில் கல்லூரி மூடினால் மளிகைக் கடையும் மூடும், ஆஸ்பத்திரியும் மூடும். அது எல்லோருக்கும் தெரியும். ஐனஸ் மூடவிடவில்லை. பண்ணை வீடுகளின் சமையலறைகளில் உட்கார்ந்து, தண்ணீர்க் காபி குடித்து, நன்கொடை கேட்டார். ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் போனார். பட்டமளிப்பு மேடையில் சீட்டைப் பார்க்காமல் ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லிக் கை குலுக்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நேரமில்லை என்பார். அதுதான் உண்மை என்று நினைக்கிறேன்.

டுவேனுக்கு அமெரிக்கக் கால்பந்து மைதானம் வேண்டும். விளக்குகள், செயற்கைப் புல், வாசலில் ஓப்சால் குடும்பப் பெயர். கால்பந்து இருந்தால் நூறு பையன்கள் கூடச் சேர்வார்கள் என்பது அவர் கணக்கு. அந்தச் செலவுக்காக இசையையும் ஜெர்மன் மொழியையும் மூடி, பதினொரு ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். ஐனஸ் முடியாது என்றார். இரண்டு வருடம் இந்த இழுபறி நடந்தது.

பிறகு ஓர் அக்டோபரில் ஐனஸுக்கு லேசான பக்கவாதம். வலது கையும் வாயின் ஓரமும் மட்டும். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆறாவது நாள் நிர்வாகக் குழு கூடியது. ஒன்பதாவது நாள், வாராவாரம் வியாழக்கிழமை வரும் எங்கள் ஊர்ப் பத்திரிகையில், டுவேன் கையெழுத்தோடு அறிக்கை வந்தது. முதல்வருக்கு ஞாபகசக்தி வேகமாகக் குறைந்து வருவதாகவும், அதனால் அவரே விரும்பிப் பதவி விலகுவதாகவும், ஊரார் அவருக்காகப் பிரார்த்திக்க வேண்டும் என்றும். ஐனஸ் அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டுத் தட்டோடு வந்த பத்திரிகையில் படித்தார்.

அடுத்த வாரம் நான் அவர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாளே வழக்கமான பரிசோதனைகளைச் செய்தேன். தேதி கேட்டேன், கடிகாரம் வரையச் சொன்னேன், மூன்று வார்த்தை சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிக் கேட்டேன். அவர் மூன்று வார்த்தையும் சொல்லிவிட்டு, என் அக்கா மகள் எந்த வருடம் பட்டம் வாங்கினாள், அன்று மழை பெய்ததா என்பதையும் சொன்னார். எனக்கே மறந்துபோன விஷயம்.

ஆனால் அச்சில் வந்துவிட்டதே. மருந்துக் கடைக்காரர் மாத்திரையை அவரிடம் தராமல் என் கையில் தந்தார். தேவாலயத்தில் பைபிள் வாசிக்கிறவர்களின் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தார்கள். யாரையாவது பார்த்து அவர் ஒரு பழைய விஷயம் சொன்னால், அவர்கள் என்னைப் பார்த்து, சரிதானா என்று கண்ணாலேயே கேட்பார்கள். மரத்துப்போன கை அவரை வருத்தவில்லை. இதுதான் அறுத்தது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பத்திரிகை வந்ததும், மறுப்பு ஏதாவது இருக்கிறதா என்று கடைசிப் பக்கம்வரை பார்ப்பார். பிறகு மடித்து வைப்பார்.

நான் ஒருமுறை சொன்னேன், மறந்து தொலையுங்கள் என்று. அவர் சிரித்தார். "அதைத்தான் ஏற்கனவே செஞ்சிட்டேன்னு ஊரே சொல்லுதே, ஆர்லிஸ்."

இனி டுவேனின் கேக்குக்கு வருகிறேன்.

மைதானம் கட்டி முடிந்துவிட்டது. ஆனால் அது நின்ற நிலம் ஆல்மா எங்கன் என்ற விதவை கல்லூரிக்குக் கொடுத்தது. பத்திரத்தில் நிபந்தனை உண்டு. நிலம் காட்டுப் புல்வெளியாகவே இருக்க வேண்டும், மாணவர்கள் அங்கே செடி கொடி படிக்க வேண்டும். மீறினால் நிலம் எங்கன் குடும்பத்துக்கே திரும்பும். ஆல்மா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய தம்பி மகன் வெர்லின், வான்கோழி வளர்க்கிறவன், வழக்குப் போட்டுவிட்டான்.

கல்லூரிக்கு இருந்தது ஒரே துரும்பு. பழைய கோப்பில், ஐனஸின் கையெழுத்தில், இரண்டு வரி: 'ஆல்மாவின் வீட்டுக்குப் போனேன். புல்வெளியில் மைதானம் கட்டுவது பற்றி நேரில் பேசினோம்.' அவ்வளவுதான். முதல்வர்கள் நன்கொடையாளரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கினால்தான் எழுதி வைப்பார்கள், மறுப்பை யாரும் எழுதுவதில்லை என்பது நிர்வாகக் குழுவின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் கான்கிரீட் போட்டார்கள். அந்தப் பேச்சுக்கு ஆல்மாவையும் ஐனஸையும் தவிர வேறு சாட்சி இல்லை.

டுவேன் உட்கார்ந்தார். கை எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். பிறகு, வெள்ளிக்கிழமை காலை இரு தரப்பு வக்கீல்களும் இங்கேயே வருவார்கள், ஆல்மா சொன்னதை நீங்கள் சத்தியம் செய்து சொன்னால் போதும் என்றார்.

ஐனஸ் இருபத்தேழாவது கிளிப்பை மாட்டினார். "எனக்குத்தான் ஞாபகம் போயிடுச்சே, டுவேன். நீங்கதானே பேப்பர்ல போட்டீங்க."

டுவேன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, அதுவும் ஒரு சிக்கல்தான் என்று ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்பு அந்த அறிக்கையைக் காட்டினால் சாட்சி செல்லாமல் போகலாம்.

ஐனஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வியாழக்கிழமைப் பத்திரிகையில், அன்று வந்த அதே முதல் பக்கத்தில், டுவேன் கையெழுத்தோடு வர வேண்டும். முதல்வரின் ஞாபகத்தில் ஒரு குறையும் இருந்ததில்லை, அவரை வெளியேற்றுவதற்காக நான் எழுதிய பொய் அது என்று. 'பொய்' என்ற சொல்லே இருக்க வேண்டும். 'தவறான புரிதல்' கூடாது.

"ஐனஸ், நான் இந்த ஊர்ல வியாபாரம் பண்றவன்."

"நானும் இந்த ஊர்லதான் இருக்கேன்."

முதலில் ஆல்மா என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளலாமா என்று வக்கீல் கேட்டார். புத்திசாலி. ஐனஸ் முடியாது என்று தலையை ஆட்டினார். "பேப்பர் வர்ற வரைக்கும் நான் ஞாபகம் போனவ. ஞாபகம் போனவ பேச்சை வச்சு என்ன பண்ணப் போறீங்க? வெள்ளிக்கிழமை கேளுங்க. என் காதுல விழுந்ததை ஒரு வார்த்தை கூட்டாம குறைக்காம சொல்றேன்."

வக்கீல் மறுபடி வாயைத் திறந்தார். டுவேன் அவர் முழங்கையைத் தொட்டார். "விடுங்க. காலேஜுக்கு எதிரா இவங்க வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. பதினெட்டு வருஷம் பார்த்திருக்கேன்." ஐனஸ் இருக்கும்போதே, அவர் முன்னாலேயே, அவர் இல்லாதது போல் சொன்னார்.

அவர்கள் போனபின் கேக்கை நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஐனஸ் தொடவில்லை.

வியாழக்கிழமை வந்தது. முதல் பக்கம், வலது மூலை. 'பொய்' என்ற சொல் இருந்தது. டுவேன் அதை ஒரு நீளமான வாக்கியத்தின் நடுவில் ஒளித்து வைத்திருந்தார், ஆனாலும் இருந்தது. ஐனஸ் தன்னைக் கைத்தாங்கலாக மருந்துக் கடைக்கு அழைத்துப் போகும்படி என்னிடம் சொன்னார். வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. கடைக்காரர் பத்திரிகையைப் பக்கத்தில் வைத்திருந்தார். காது வரை சிவந்து, ஐனஸ் கேட்ட இருமல் மிட்டாயை அவர் கையிலேயே கொடுத்தார். தேவாலயப் பாதிரியார் போன் செய்தார். ஞாயிறு வாசிக்க முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று ஐனஸ் வைத்துவிட்டார். அன்று முழுக்க போன் அடித்தது. பாதியை எடுக்கவில்லை.

ஊர் உணவகத்தில் டுவேனின் மேஜையில் அன்று யாரும் உட்காரவில்லை என்று கேள்விப்பட்டேன். அதைச் சொன்னேன். ஐனஸ் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

ஆல்மா என்னதான் சொன்னார் என்று சாப்பிடும்போது கேட்டுப் பார்த்தேன். நாளைக்குக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி ஆறு பேர். கல்லூரி வக்கீல், டுவேன், வெர்லினின் வக்கீலாக வந்த ஓர் இளம் பெண், வான்கோழிப் பண்ணை பூட்ஸோடு வெர்லின், தட்டச்சு செய்கிற அம்மாள், ஐனஸ். நான் அடுப்பருகில் நின்றேன். ஐனஸ் சத்தியம் செய்தார். கல்லூரி வக்கீல், ஆல்மாவிடம் மைதானம் பற்றிப் பேசினீர்களா என்று கேட்டார். பேசினேன் என்றார் ஐனஸ். இலையுதிர்காலம், ஆல்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். டுவேன் நச்சரித்ததால் போய்க் கேட்டேன் என்றார்.

"அவர் என்ன பதில் சொன்னார்?"

"'பந்து விளையாட இடம் வேணும்னா அந்த டிராக்டர்காரன் வீட்டுத் தோட்டத்துல விளையாடச் சொல்லு. என் புல்லு மேல கை வைக்கக் கூடாது. நான் செத்தப்புறமும் கூடாது'ன்னாங்க. கத்தியைக் கீழ வைக்காமலே சொன்னாங்க."

தட்டச்சு இயந்திரம் ஓடி நின்றது. வெர்லின் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

டுவேனின் முகம் பழைய மெழுகு போல ஆனது. "இதை ஏன் அப்பவே எங்ககிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க நேரா அந்தக் கிழவி வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பீங்க. கான்கிரீட் போடும்போது கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ஞாபகம் போனவகிட்ட யாரு கேக்கறா."

கல்லூரி வக்கீல் வேறு வழியில்லாமல், அவர் தொழிலுக்கு உரியதைச் செய்தார். நாற்காலியை முன்னால் இழுத்து, மென்மையான குரலில் தொடங்கினார். அம்மா, உங்களுக்குப் பக்கவாதம் வந்தது உண்மைதானே? அதற்குப் பிறகு உங்கள் ஞாபகம் பற்றி...

வெர்லினின் வக்கீல் பையிலிருந்து முந்தின நாள் பத்திரிகையை எடுத்து, மடிப்பை நீவி, டுவேனின் கையெழுத்து மேலே தெரியும்படி மேஜை நடுவில் வைத்தாள்.

கல்லூரி வக்கீல் அதைப் பார்த்தார். பேனாவை மூடினார். மேலும் கேள்வி இல்லை என்றார்.

கல்லூரியின் கையைவிட்டு அந்த நிலம் போகும். ஐனஸுக்கு அது தெரியும், பதினெட்டு வருடத்து உழைப்பின் ஒரு துண்டு அதோடு போகிறது என்பதும் தெரியும். நான் அவர் முகத்தைக் கவனித்தேன். வருத்தம் இருந்தது, ஆனால் அது மேலே இல்லை. தட்டச்சு அம்மாள் பக்கங்களைக் கொடுத்தார். ஐனஸ் ஒவ்வொரு வரியையும் படித்து, ஆல்மாவின் வார்த்தைகளில் விட்டுப்போன ஒரு 'என்' சேர்க்கச் சொல்லி, கையெழுத்துப் போட்டார்.

டுவேன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். முதல் பொத்தானை இரண்டாவது துளையில் போட்டு, அப்படியே கடைசிவரை போட்டுக்கொண்டு போனார். முப்பத்தொரு வருடத்தில் அப்படிப் போட்ட கோட்டை நான் கழற்றிச் சரிசெய்யாமல் விட்டதில்லை. அன்று கதவைத் திறந்துவிட்டேன். கடைவீதி வழியாக அப்படியே போனார்.