நிறுத்திய படத்தில் நின்றவர்

அன்று அந்த அறையில் இருந்தது மூன்று பேர். நான், யோகன் அண்ணை, மட்டக்களப்புக் கிறிஸ்டி. இல்லாதவர் அண்ணையின் மனைவி ரஜனி அக்கா. அவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குழப்பக்கூடாது.

பேய், ஆவி எதையும் நான் நம்பினவன் இல்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மா கண்ணூறுக்குக் கழிப்புக் கழித்தால்கூட விஞ்ஞானம் சொல்லி வாதாடுவேன்.

டென்மார்க்கில், வைலே நகரில் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். மனைவி பிள்ளைகளைக் கூப்பிடக் கொடுத்த மனுக்கள் எல்லாம் கோபன்ஹேகனில் அசையாமல் கிடந்த வருடங்கள் அவை. நீதியமைச்சரே சொல்லித்தான் அப்படிக் கிடந்தன என்பது இப்போதுதான் பேப்பரில் வெளிவருகிறது. அண்ணை இறைச்சித் தொழிற்சாலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே தபால்பெட்டியைத் திறந்து பார்ப்பார். அக்கா வந்து சேர்ந்தால் போதும், வேறு ஆசை அவருக்கு இருக்கவில்லை.

சனி, ஞாயிறுகளில் வாடகைக்கு வீடியோ டெக் எடுத்துப் படம் பார்ப்போம், பொழுதுபோக்குக்கு மட்டும் இல்லை, கீழே ஓடும் டெனிஷ் எழுத்தை நிறுத்தி நிறுத்தி வாசித்து மொழி படிப்பதற்காக. அப்படி நிறுத்தினால் நாடா தேயும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்த ஞாயிறு மத்தியானம் கிறிஸ்டி கொண்டுவந்தது ஒரு மலிவான ஆங்கிலப் பேய்ப்படம். இடிந்த நகரம், தோல் ஜாக்கெட் போட்ட பங்க் கூட்டம், தக்காளிக் குழம்பு மாதிரி இரத்தம். தலைமயிரைச் சேவல் கொண்டையாக நிறுத்தியிருந்தவனைப் பார்த்து, "அண்ணன், உங்கட கொட்டுண்ட மயிரெல்லாம் எங்க போனதெண்டு இப்ப விளங்குது" என்றான் கிறிஸ்டி. அண்ணையும் சிரித்தார்.

நிலக்கீழ் அறைக்கு டெனிஷில் என்ன சொல் என்று எழுத நான் ஓரிடத்தில் படத்தை நிறுத்தினேன். தெருவில் அந்தக் கூட்டம் ஓடுகிறது. பின்னால் பூட்டிய கடைவாசலில் ஒரு பெண், நைலெக்ஸ் சேலை, காலடியில் பயணப் பை, பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரிப் பக்கவாட்டில் பார்த்தபடி. நம்பினால் நம்புங்கள், எங்கள் சுவரில் மாட்டியிருந்த அண்ணையின் கல்யாணப் படத்தில் இருந்த அதே முகம்.

அண்ணை என்னை விலக்கி டெக்குக்கு முன்னால் வந்து தானே பின்னுக்கு ஓடவிட்டார், திரும்ப நிறுத்தினார், திரும்ப ஓடவிட்டார். மூன்றாம் முறை திரையில் அக்கா எங்களை நேரே பார்த்துக்கொண்டு நின்றார். கிறிஸ்டி சிலுவை போட்டுக்கொண்டான். அண்ணை திரைக்குக் கிட்டப் போய்க் குந்தி, மெல்லிய குரலில், "ரஜனி, சாப்பிட்டனீயே?" என்று கேட்டார்.

பிறகும் பிறகும் ஓட்டினார். நாங்கள் தடுக்கவில்லை, எப்படித் தடுக்கிறது? கடைசியில் டெக் நாடாவை இழுத்துக் கடித்து, சரியாக அந்த இடத்திலேயே அறுத்துவிட்டது.

வியாழக்கிழமை கொழும்பிலிருந்து அக்காவின் தம்பி போன் எடுத்தார். விசா வந்தால் உடனே ஏறலாம், கொழும்பிலேயே நிற்போம் என்று அக்கா ஞாயிற்றுக்கிழமை வெளிக்கிட்டிருக்கிறார். பஸ்ஸுக்கு நின்ற சந்தியில் துவக்குச் சூடு பட்டு அங்கேயே முடிந்துவிட்டாராம். அக்காவின் பெயருக்கு அனுமதி வந்தது, எவ்வளவோ காலம் கழித்து. அன்றும் அண்ணை சப்பாத்தோடுதான் அதைப் பிரித்தார்.

போன வருடம் ஓகூஸ் நகரில் பழைய சாமான் விற்கிற இடத்தில் அதே படத்தின் வேறொரு கசெற்றைக் கண்டு வாங்கினேன். கடைவாசலில் யாரும் இல்லை, வெறும் கதவு. ஆனால் ஓடிவருகிற அந்தச் சேவல் கொண்டைக்காரன் அவ்விடத்துக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்து, ஆருக்கோ வழிவிடுவது போல ஒதுங்கித்தான் போகிறான். ஏன் ஒதுங்குகிறான் என்று எனக்கு இன்னும் தெரியாது. அதற்குப் பிறகு நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

அன்று அறுந்த கசெற்றுக்கு வாடகைக் கடைக்காரர் முழு விலை கேட்டபோது நானும் கிறிஸ்டியும் பங்கு போட வந்தோம். அண்ணை எங்கள் கையைத் தள்ளிவிட்டார்.

"என்ரை மனிசி வந்து போனதுக்கு நான்தான் குடுக்கவேணும்."

எண்ணூற்றுத் தொண்ணூற்றைந்து குரோன்.