ஏழாம் கட்டத்துப் பள்ளம்

அல் ஐனுக்குத் தெற்கே, பேரீச்சந் தோட்டம் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஓர் ஊர் இருக்கிறது. மொத்தம் ஒன்பது வீடுகள். அங்கே அகழாய்வு நடத்துகிற டாக்டர் ஷம்சா சொல்கிற கணக்கில், எழுநூறு வருடங்களுக்கு முன்னால் அங்கே அறுபது வீடுகள் இருந்தன. மீதியெல்லாம் மேற்கே முழங்கால் உயர மேடும் பள்ளமுமாகக் கிடக்கின்றன. வண்டியில் போகிறவர்களுக்கு அது வெறும் மண்மேடு. அழகுமலைக்கு அது தெரு. எது சுவர், எது வாசல், வாய்க்கால் எங்கே திரும்பியது என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவார்.

சிவகங்கைப் பக்கத்துக்காரர், வயது நாற்பத்தாறு. இருபத்தேழில் அபுதாபிக்கு வந்து, முசஃபா கேம்பில் தங்கிப் பதினைந்து வருடம் அஸ்திவாரக் குழி வெட்டினார். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு குளிர்காலத்துக்கு மட்டும் என்று கம்பெனி ஆறு பேரை இந்த அகழாய்வுக்கு அனுப்பியது. நான்கு பேர் திரும்பிப் போனார்கள். அழகுமலையையும் பாலகுருவையும் டாக்டர் ஷம்சா கேட்டு வாங்கிக்கொண்டார். சம்பளம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆனால் அங்கே வெட்டின குழியில் கான்கிரீட்டை ஊற்றி மூடிவிடுவார்கள். இங்கே வெட்டின குழியை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து பார்க்கிறார்கள். அழகுமலைக்கு அது பிடித்துப்போயிருந்தது.

அவருக்கென்று இரண்டு பழக்கங்கள் உண்டு. காலையில் தன் கட்டத்தில், அதாவது நூல் கட்டிப் பிரித்த ஐந்து மீட்டர் சதுரத்தில், தண்ணீர் தெளித்துவிட்டுக் குந்தியிருப்பார். ஈரம் காயும்போது சுடாத மண்கல் ஒரு நிறமும் இடையிலுள்ள சாந்து வேறு நிறமும் காட்டும். சுவர் தன்னால் தெரிந்துவிடும். இரண்டாவது, அள்ளின மண்ணைப் பொதுக் குவியலில் கொட்டமாட்டார். எந்த ஆழத்தில் எடுத்தது என்று சீட்டெழுதிக் கல் வைத்து, கட்டத்துக்குப் பின்னால் சின்னச் சின்னக் குவியலாக வரிசையில் போடுவார்.

"மண்ணுக்குப் பாய் விரிச்சுப் படுக்க வைக்கிறான்யா மனுசன். தாலாட்டு ஒண்ணுதான் பாக்கி" என்பார் பாலகுரு.

"நீ பாடேன் மாப்ள. உன் குரலுக்கு மண்ணே எந்திரிச்சு ஓடிரும்."

புதன்கிழமை தண்ணீர் வண்டி வரவில்லை. சும்மா உட்கார்ந்திருக்க மனம் வராமல், அழகுமலை தெளிக்காமலே ஏழாம் கட்டத்தில் இறங்கினார். ஓரிடத்தில் மண் பொலபொலவென்று கொடுத்தது. கொடுக்கிற மண்ணைத் தொடர்ந்து போவது பதினைந்து வருடப் பழக்கம். சாயங்காலம் டூட்டி முடிந்து மேலே ஏறிப் பார்த்தபோது ஒன்றரை முழ அகலத்தில், பக்கமெல்லாம் நெட்டுக்குத்தாக, அழகான அஸ்திவாரக் குழி ஒன்று கிடந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வினை.

வியாழக்கிழமை காலை, படம் வரைகிற சர்வேயர் செய்கு முகம்மது பலகையும் காகிதமுமாக வந்தார். கீழக்கரைக்காரர். ஏழாம் கட்டத்தில் குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை.

"அழகண்ணே, இங்கன கொஞ்சம் வாங்க."

ஆறாம் கட்டத்திலிருந்து ஒரு சுவர் நேராக வந்தது. அழகுமலையின் குழியில் வந்து நின்றது. குழிக்கு அந்தப் பக்கம் எட்டாம் கட்டத்தில் அதே சுவர் மறுபடி தொடங்கியது. சுவரின் அகலம் ஒன்றரை முழம். குழியின் அகலமும் ஒன்றரை முழம்.

அழகுமலை குழியோரம் குந்திப் பார்த்தார். "பாய், நான் சுவர வெட்டலையே. மண்ணு புட்டு மாதிரி வந்துச்சு."

"நீங்க சொல்றீங்க. படம் வேற சொல்லுதே. நான் என்னண்ணே வரைய?"

சுவரை வெட்டினவர் அன்றைக்கே கம்பெனிக்குத் திரும்ப வேண்டும். அது அந்த இடத்துச் சட்டம். போன வருடம் ஒருத்தர் அப்படித்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பெட்டியைத் தூக்கினார்.

டாக்டர் ஷம்சா வந்தார். உள்ளூர்க்காரர், வேலையாட்களிடம் ஹிந்தியில் பேசுவார். கோபிக்கவில்லை. "யே கிஸ்னே காட்டா?" என்று, வெட்டியது யார் என்பதை மட்டும் கேட்டார்.

"நான்தான்" என்று அழகுமலை தமிழிலேயே சொல்லிவிட்டார். ஹிந்தி மறந்துவிட்டது. செய்கு முகம்மது எடுத்துச் சொன்னார்.

அப்போதுதான் பின்னால் ஷாவல் வண்டி உறுமியது. வியாழக்கிழமை, மண் அள்ளுகிற நாள். அழகுமலை அவ்வளவையும் விட்டுவிட்டு ஓடினார். "ருக்கோ பாய்! ருக்கோ!" என்று டிரைவரை நிறுத்தச் சொல்லிக் கத்தினார். பதினொரு குவியலில் நாலு போய்விட்டிருந்தது. சீட்டைப் பார்த்தார். போன நாலும் மேல்மண். ஆழத்து மண் ஏழும் அப்படியே இருந்தன.

மூச்சிரைக்க நின்று சொன்னார். "பாய், டாக்டர்கிட்ட சொல்லுங்க. நான் சுவர வெட்டியிருந்தா கல்லு எங்க போகும்? இந்த மண்ணுலதானே கெடக்கணும்? சலிச்சுப் பாக்கச் சொல்லுங்க."

டாக்டர் சல்லடையைக் கொண்டுவரச் சொன்னார். இவ்வளவு நாள் கிண்டலடித்த பாலகுருதான் முதலில் சல்லடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். குவியல் குவியலாகச் சலித்தார்கள். சுடாத கல்லை எப்படி உடைத்தாலும் வைக்கோல் ஒட்டின கட்டி கிடைக்கும். இங்கே அப்படி ஒரு கட்டிகூடக் கிடைக்கவில்லை. சாம்பல், பேரீச்சங்கொட்டை, ஆட்டுப் புழுக்கை. ஒன்பதாம் சீட்டு மண்ணில் பச்சை மெருகு போட்ட கிண்ணத்துண்டு ஒன்று.

டாக்டர் துண்டைத் திருப்பிப் பார்த்தார். "நல்லது. ஆனால் இது மட்டும் போதாது" என்றார். "அடியில் வெட்டாத மண் இருக்கிறதா?"

இருந்தது. டூட்டி முடிந்துவிட்டதால் அடியில் ஒரு சாண் விட்டு ஏறியிருந்தார். தண்ணீர் வண்டியும் அதற்குள் வந்துவிட்டது. அழகுமலை குழியில் இறங்கித் தெளித்தார். நாலு பேரும் குந்தினார்கள். இந்த நான்கு வருடத்தில் ஈரம் காய்வதற்கு அவ்வளவு நேரம் பிடித்ததாக அவருக்கு நினைவில்லை.

நடுமண் ஒரே நிறமாகக் காய்ந்தது. கல்லும் இல்லை, சாந்துக் கோடும் இல்லை. ஓரத்தில் மட்டும் ஒரு நேர்கோடு தெரிந்தது. டாக்டர் கரணையை வாங்கி, கோட்டுக்கு உள்பக்க மண்ணை மெல்ல விலக்கினார். புட்டு மாதிரிதான் உதிர்ந்தது. பின்னால் கெட்டியான பழைய வெட்டு. அதில் வரிசையாக வெட்டுத் தடங்கள். ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம். அழகுமலையின் மண்வெட்டியை வாங்கித் தடத்தின் மேல் வைத்தார். அது ஒரு சாண் அகலம்.

டாக்டர் சிரித்தார். பிறகு ஹிந்தியும் அரபியும் கலந்து மளமளவென்று பேசினார்.

"என்ன பாய் சொல்றாங்க? போகச் சொல்றாங்களா?"

"எங்க போறீங்க? உக்காருங்கண்ணே. சுவரை எடுத்தது அந்த ஊர்க்காரங்களேதானாம். ஐந்நூறு வருசத்துக்கு முன்னால ஊர் சுருங்குனப்ப, ஆளில்லாத வீட்டுச் சுவரை அடியோட தோண்டி, கல்லக் கொண்டுபோய் இருந்த வீட்டுக்கு வச்சுக்கிட்டாங்களாம். அப்புறம் அந்தப் பள்ளத்துல குப்பையக் கொட்டிட்டாங்க. ஆட்டக் கட்டியிருக்காங்க. நீங்க அந்தக் குப்பையத்தான் வாரியிருக்கீங்க, ஒரு நூல் அந்தாண்ட இந்தாண்ட போகாம."

அழகுமலை குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை இரண்டும் ஈரமண்ணில் பதிந்தன.

பாலகுரு மேலே நின்று எட்டிப் பார்த்தார். "அந்த ஆளும் உன்ன மாதிரியே நெட்டுக்குத்தா வெட்டியிருக்கான் பாரு. எந்தக் கம்பெனியோ, விசா குடுத்த கபீல் யாரோ!"

"யாரா இருந்தாலும் வேலக்காரன் மாப்ள. நம்மளுக்கு மேல."

"மண்ணப் படுக்க வச்சது நல்லதாப் போச்சு. இனிமே தாலாட்டு நானே பாடுறேன்."

தேநீர் வந்தது. அழகுமலை போனை எடுத்து ஊருக்கு அழைத்தார். காலையில் மனைவி மாரியம்மாள் இரண்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

"என்னங்க, போனை எடுக்கவே இல்ல? என்னமோ ஏதோன்னு இருந்துச்சு."

"ஒண்ணுமில்ல. ஒரு சுவர நான் இடிச்சேன்னு சொன்னாங்க."

"அய்யய்யோ! இடிச்சீங்களா?"

"நான் இல்ல. வேற ஒருத்தன்."

"அவனப் பிடிச்சுட்டாங்களா?"

"அவன் போயி ஐந்நூறு வருசமாச்சு" என்று சொல்லிவிட்டு அழகுமலை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தேநீர் தளும்பியது.

செய்கு முகம்மது படத்தில் ஆறாம் கட்டத்துச் சுவரையும் எட்டாம் கட்டத்துச் சுவரையும் அழுத்தமான கோடாகப் போட்டு, நடுவே ஏழாம் கட்டத்தைப் புள்ளிக்கோட்டால் இணைத்தார். முன்பு சுவர் இருந்து, பிறகு எடுக்கப்பட்ட இடம் என்று அதற்குப் பொருள். அழகுமலை அந்தப் புள்ளிகளை ஒருமுறை பார்த்தார். கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஒன்பதாம் கட்டத்துக்கு நடந்தார்.